யார் பேருக்கு ஊற்றுகிறோம்?

பால் சொசைட்டியில் தூக்குவாளியை நீட்டியதும் 'யார் பேருக்கு?' என்று கேட்பார்கள். ஊற்ற வந்தவள் தன் பேரைச் சொல்வது குறைவு. கணவர் பேரைச் சொல்வாள், அல்லது மாமனார் பேரை. சில வீடுகளில் மாமனார் இறந்து வருடங்கள் ஆன பிறகும் பால் அவர் பேருக்கே போய்க்கொண்டிருக்கும். புல் அறுத்தவள், தொழுவம் கூட்டியவள், கறந்தவள், சுமந்து வந்தவள் எல்லாம் ஒருத்திதான். ஏட்டில் மட்டும் வேறொருவர் இருக்கிறார்.

கம்பெனித் தீவனத்தையும் ஊசி மருந்தையும் உரம் போட்ட புல்லையும் விட்டுவிட்டு இயற்கைப் பால்பண்ணைக்கு மாறுவது பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. மண்ணுக்கும் மாட்டுக்கும் குடிப்பவருக்கும் அது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலே ஏலமலைச் சரிவுகளிலும் பால் கடந்துவந்த வழியைப் பார்த்தால், மாற்றம் என்பது இங்கே புதிதல்ல என்று தெரியும். அரை நூற்றாண்டுக்கு முன்பு ஒரு பெரிய மாற்றம் வந்தது. இப்போது இன்னொன்றுக்கு அழைக்கிறார்கள். இரண்டையும் தூக்கிச் சுமப்பவர்கள் பெண்கள். ஆகவே இரண்டு மாற்றங்களிடமும் சொசைட்டிக்காரர் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டுப்பார்க்கலாம்.

மோரும் நெய்யும் இருந்த காலம்

தமிழ் இலக்கியத்தில் பால் வருமிடமெல்லாம் பெண் வருகிறாள். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியலில் தயிர் கடைகிறாள், மோர்ப்பானையைத் தலையில் சுமந்து ஊருக்குள் விற்கிறாள், மோர் விற்ற தானியத்தில் வீட்டாரை உண்ணச் செய்கிறாள். நெய்யை விற்கும்போது பொன்னை வாங்கிக்கொள்ள மறுத்து, அதற்கு ஈடாக எருமையும் பசுவும் வாங்குகிறாள். வகுப்பில் இந்தப் பகுதியை முல்லை நில வாழ்க்கை என்று நடத்திவிட்டுப் போய்விடுகிறோம். கொஞ்சம் நின்று பார்த்தால் அங்கே ஒரு பொருளாதாரம் இருக்கிறது. பொருளைச் செய்பவள், விற்பவள், கிடைத்த வருவாயை என்ன செய்வது என்று முடிவெடுப்பவள் மூவரும் ஒருத்தியே. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரியின் வீட்டில் பால் உறையாததும் வெண்ணெய் உருகாததும் தீய நிமித்தங்களாகின்றன. பால் திரிந்தால் உலகமே திரிகிறது என்று சொல்லும் அளவுக்கு அது பெண்களின் அறிவுப்புலமாக இருந்திருக்கிறது.

இலக்கியத்தை அப்படியே வரலாறாக வாசிக்க முடியாது. ஆய்மகள் சுதந்திரமாக வாழ்ந்தாள் என்று இதை வைத்து முடிவுகட்டவும் முடியாது. ஆனால் இதிலிருக்கும் ஒரு நடைமுறை உண்மை மிக அண்மைக்காலம் வரை நீடித்தது. பால் சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள். குளிரூட்டும் வசதி இல்லாத காலத்தில் அதைத் தூரத்துக்கு அனுப்ப வழியில்லை. உறை ஊற்றி, கடைந்து, உருக்கினால்தான் காசாகும். அந்த வேலை வீட்டுக்குள் பெண்களின் கையில் இருந்தது. மோர் விற்ற காசும் நெய் விற்ற காசும் சிறியவை. ஆனாலும் சுருக்குப்பையில் விழுந்தவை. அவற்றுக்குக் கணக்குக் கேட்க ஏடு இருக்கவில்லை.

சாணத்துக்காக வளர்ந்த மாடு

போடி, கம்பம் பக்கத்து மாட்டு வரலாற்றில் இன்னொரு பகுதி உண்டு. இங்கே மலைமாடு என்று சொல்லப்படும் மந்தைகள் பாலுக்காக வளர்க்கப்பட்டவை அல்ல. கன்று குடித்தது போக ஒன்றிரண்டு லிட்டர் மிஞ்சினால் அதிகம். அவற்றின் பெருமதிப்பு சாணத்தில் இருந்தது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் நிலம் தேறும். தொழுவில் குவியும் எரு மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும். இன்றும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தொழுவுரம் லாரிகளில் கேரளத் தோட்டங்களுக்குப் போகிறது.

இந்த மந்தைகள் மேய்ந்தது மலையடிவாரக் காட்டில். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டை அரசின் சொத்தாக வரையறுத்த பிறகு, மேய்ச்சல் உரிமையாக இருந்தது அனுமதியாக மாறியது. மந்தைக்குச் சீட்டு வேண்டும், சீட்டுக்குக் கட்டணம் வேண்டும், கட்டணத்துக்கு ஒரு பேர் வேண்டும். மலையில் மந்தையோடு தங்குவது ஆண்களின் வேலையாகவும், வீட்டுத் தொழுவில் கன்றையும் சினைமாட்டையும் நோய்மாட்டையும் பார்ப்பது பெண்களின் வேலையாகவும் பிரிந்திருந்த இடத்தில், சீட்டில் யார் பேர் ஏறியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிலமுள்ள வீட்டுத் தொழுவில் சாணி அள்ளியவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்களும் அல்லர்; கூலிக்கு வந்த தலித் பெண்கள். எரு அவர்களுடைய கூடையில் ஏறியது, விலை வேறிடத்தில் இறங்கியது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலப் பிரிப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. மலையின் உச்சி ஒரு மாநிலம், அடிவாரம் இன்னொரு மாநிலம் ஆயிற்று. எல்லைக்கோட்டால் எரு நிற்கவில்லை, பெண்களும் நிற்கவில்லை. இன்றும் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போய், இருட்டுவதற்குள் இறங்கிவரும் பெண்கள் இந்த ஊர்களின் அன்றாடம். அவர்களில் பலர் ஜீப் ஏறுமுன் ஒரு முறையும் இறங்கிய பின் ஒரு முறையும் மாடு கறக்கிறார்கள்.

முதல் மாற்றம்

1965இல் ஆனந்தில் தேசிய பால்வள வாரியம் தொடங்கப்பட்டது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் வந்தது. ஐரோப்பிய நாடுகள் கொடையாக அனுப்பிய பால்பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்ற பணத்தில் நடந்த அத்திட்டம், முதல் கட்டத்தில் 18 பால்வளப் பகுதிகளைச் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களோடு இணைத்தது. தமிழ்நாட்டில் 1981இல் கூட்டுறவு இணையம் உருவாயிற்று. நாம் ஆவின் என்று சொல்வது அதன் பாலைத்தான். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த போடிப் பகுதியும் இந்த வலைக்குள் வந்தது.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிலமில்லாத வீட்டுக்கும் மாதத்தில் சில முறை கையில் காசு வர வழி செய்தது பால் சொசைட்டி. மழை பொய்த்த வருடங்களில் பல வீடுகளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது பால் காசில்தான். ஆனால் இந்த மாற்றம் நான்கு காரியங்களை ஒன்றாகச் செய்தது. நாட்டு மாட்டின் இடத்தில் ஜெர்சிக் கலப்பினம் வந்தது. மேய்ச்சலின் இடத்தில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கலப்புத் தீவனமும் வந்தன. காளையின் இடத்தில் சினை ஊசி வந்தது. மோரும் நெய்யும் விற்ற இடத்தில் பச்சைப்பால் விற்பனை வந்தது. கடைவதற்குப் பால் மிஞ்சாதபோது சுருக்குப்பைக் காசும் மிஞ்சவில்லை. பெண் செய்துவந்த பொருள் குடும்பத்தலைவரின் வருமானமாக ஏட்டில் ஏறியது.

வேலை குறையவில்லை. கலப்பின மாடு வெயில் தாங்காது. கழுவ வேண்டும், நிழல் வேண்டும், நேரத்துக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். மேய்ந்து தின்ற மாட்டுக்குப் பதிலாகக் கட்டுத்தறியில் நிற்கும் மாடு என்றால், புல் அதனிடம் தலைச்சுமையாக வந்து சேர வேண்டும். அந்த வேலையைத் தேசம் வேலையாகவே எண்ணவில்லை. குடும்பப் பண்ணையில் கூலியில்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியிலேயே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது 1991இல்தான். அதற்கு முன்பு 'வீட்டில் சும்மா இருக்கா' என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் நாலு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இனி யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

மாட்டுக்குள் போனது

இயற்கை வழிக்கு மாற வேண்டும் என்ற பேச்சு வெறும் பழம்பெருமையிலிருந்து வரவில்லை. பாலில் என்ன இருக்கிறது என்ற அச்சத்திலிருந்தும் வருகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. தண்ணீரும் யூரியாவும் கலப்பதுதான் பெரிய ஆபத்து என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, அந்த ஆய்வில் அதிகம் தென்பட்ட நச்சு அஃப்ளடாக்ஸின் எம்1. 368 மாதிரிகளில், அதாவது 5.7 விழுக்காட்டில், அது அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாட்டில் 551 மாதிரிகளில் 88. இந்த நச்சை யாரும் பாலில் கலப்பதில்லை. பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு தின்னும்போது, அதன் உடல் வழியாகப் பாலுக்கு வருகிறது. எதிர்உயிரி மருந்தின் எச்சம் 77 மாதிரிகளில் அளவு மீறியிருந்தது. மடிநோய்க்கு ஊசி போட்டு, அதற்குரிய நாட்கள் கழியுமுன் கறந்து ஊற்றுவதால் வருவது அது. நாலு நாள் பாலைக் கீழே கொட்டிவிட்டுக் கடன் தவணையை எப்படிக் கட்டுவது என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது.

இந்த மலைச்சரிவில் இன்னொரு வாசலும் உண்டு. நாட்டில் மிக அதிகமாகப் பூச்சிமருந்து தெளிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. தண்டுதுளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் அடிக்கடி தெளிக்கிறார்கள். எண்டோசல்ஃபானை 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடுத்து நிறுத்தியது; காசர்கோட்டு முந்திரித்தோட்டங்களைச் சுற்றி வாழ்ந்த மக்களின், குறிப்பாக அவர்களின் பிள்ளைகளுடைய, உடல்கள் அதற்குச் சாட்சியாக வேண்டியிருந்தது. தெளித்த செடிக்குக் கீழே களை பறிக்கும் பெண்ணின் தோலிலும், தோட்டத்து ஓரத்தில் அறுத்த புல்லிலும், அதைத் தின்ற மாட்டிலும் ஒரே மருந்துதான் ஏறுகிறது. இயற்கைப் பால் பற்றிப் பேசும்போது குடிக்கும் குழந்தையின் உடலை நினைக்கிறோம். கறக்கும் உடலையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இரண்டாம் மாற்றம்

இயற்கைப் பால்பண்ணை என்பதற்கு விதிகள் இருக்கின்றன. இந்தியாவில் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் 2001இல் வந்தது. தமிழ்நாட்டு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை கோயம்புத்தூரில் இயங்குகிறது. 2023இல் மாநில அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. அடிப்படை இதுதான்: தீவனம் உரமும் பூச்சிமருந்தும் படாத நிலத்திலிருந்து வர வேண்டும், வளர்ச்சி ஊக்கி கூடாது, நோய்க்குத் தடுப்பே முதல் வழியாக இருக்க வேண்டும், மாடு நடமாட வேண்டும். அமெரிக்க விதி இன்னும் திட்டவட்டமானது. வருடத்தில் குறைந்தது 120 நாட்கள் மேய்ச்சல், மேய்ச்சல் பருவத்தில் தின்னும் உலர்தீவனத்தில் 30 விழுக்காடு மேய்ச்சலிலிருந்து, மாறும் மந்தைக்கு ஓராண்டுக் காத்திருப்பு.

இவற்றை நம் சரிவில் வைத்துப் பார்ப்போம். முதல் தேவை நிலம். சான்று நிலத்துக்குத் தரப்படுகிறது. ரசாயனம் நிறுத்தி ஆண்டுப்பயிருக்கு இரண்டு ஆண்டும் நீண்டகாலப் பயிருக்கு மூன்று ஆண்டும் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று ஆயிற்று. இந்தியா முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. சட்டம் வந்த பிறகும் பட்டாவில் மகளின் பேர் ஏறுவது அரிது. பட்டா இல்லாதவள் வரப்பிலும் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் புல் அறுக்கிறாள். அவள் மாட்டுக்கு என்ன கொடுத்தாலும், அது எந்த நிலத்துப் புல் என்று தாளில் காட்ட அவளால் முடியாது.

இரண்டாவது மேய்ச்சல். மலைமாடு பிறந்ததிலிருந்து இயற்கை வழியில்தான் இருந்தது. தனியாக மாற வேண்டிய தேவை அதற்கில்லை. ஆனால் காடு சுருங்கிவிட்டது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்ப்பதை முதலில் முழுவதுமாகத் தடைசெய்து, பின்னர் அதே மாதத்தில் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களுக்கு என்று சுருக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாக ஏற்கிறது. 2025 ஆகஸ்ட்டில் போடி அருகே ஒரு கட்சியினர் மாடுகளோடு மலையேற முயன்ற போராட்டம் வரை இந்த இழுபறி நீள்கிறது. காட்டையும் காக்க வேண்டும், மந்தையும் பிழைக்க வேண்டும். எளிய விடை இல்லை. ஆனால் நாளைக்கே மேய்ச்சல் உரிமை கிடைத்தால், அந்தத் தாளில் பெண்ணின் பேர் இருக்குமா என்ற கேள்வி எந்த மேடையிலும் எழவில்லை என்றால், 1882இன் சீட்டுதான் வேறு நிறத்தில் வரும்.

மூன்றாவது உழைப்பு. மூட்டைத் தீவனத்தை நிறுத்தினால் அகத்தியும் வேலிமசாலும் தீவனச்சோளமும் வளர்க்க வேண்டும், அசோலாத் தொட்டி பார்க்க வேண்டும், உண்ணி பொறுக்க வேண்டும், சாணத்தையும் மூத்திரத்தையும் கரைசலாக்க வேண்டும். 'செலவில்லாத விவசாயம்' என்று மேடையில் சொல்லும்போது, கடைக்குப் போகாமல் மிச்சமான அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெண்ணின் நேரத்திலிருந்து வந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு மேல்தான் அசோலாத் தொட்டியும் வந்து உட்காருகிறது.

நான்காவது அறிவு. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்து, நன்றாகக் கறந்துவிட்டு, நாளுக்குப் பலமுறை பூசும் மருந்தை இன்று தேசிய பால்வள வாரியமே பரிந்துரைக்கிறது. தஞ்சாவூரில் கால்நடை மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்த பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தியின் பணி இதற்குப் பெரிய காரணம். 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு என்று அளவு வகுத்து, எதிர்உயிரி மருந்துக்கு ஒரு மாற்றை அறிவியலின் மேசைக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். கூடவே ஒன்றை நினைவில் வைக்கலாம். கைமருந்து இத்தனை காலம் வாழ்ந்தது அம்மிக்கல்லின் அருகில். அங்கிருந்து பயிற்சிக் கூடத்துக்கு வரும்போது, பயிற்சிக்கு அழைக்கப்படுபவர் 'விவசாயி' ஆகிறார். அரைப்பவள் வீட்டில் இருக்கிறாள்.

தாய் என்று சொல்லிவிட்டால்

2013இல் மறைந்த நம்மாழ்வார் தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையை ஒரு மக்கள் பேச்சாக்கினார். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு 'நாட்டுமாடு' என்ற சொல் வேறொரு வேகம் பெற்றது. ஏ2 பால் என்ற பேரில் நகரத்தில் லிட்டர் நூறு ரூபாய்க்கும் மேல் விற்கத் தொடங்கினார்கள். 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏ1, ஏ2 என்று அச்சிடுவதை நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதே காலத்தில், 2023 டிசம்பர் உயர்வுக்குப் பிறகும், ஆவின் பசும்பாலுக்கு உற்பத்தியாளரிடம் தந்த அடிப்படை விலை லிட்டருக்கு 38 ரூபாய்.

இந்தப் பேச்சில் மாடு தாயாகிறது, மண் தாயாகிறது, மாட்டைப் பார்க்கும் பெண்ணும் தாயாகிறாள். தாய்க்குச் சம்பளம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. புகழ் கூடக்கூடக் கணக்கு மங்குவதைப் பெண்கள் வேறு பல இடங்களில் பார்த்திருக்கிறோம். 'இயற்கை' என்ற சொல்லுக்கும் அதே ஆபத்து இருக்கிறது. பெண் உழைப்பது இயற்கை என்று நெடுநாளாக நம்பிவந்த ஒரு சமூகத்தில், இயற்கைப் பண்ணை என்பது அந்த நம்பிக்கைக்கு இன்னொரு சான்றிதழ் ஆகிவிடக் கூடாது.

பேர் எழுதிய இடங்கள்

வேறு வழி நடந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 1986-87இல் மத்திய அரசு தொடங்கிய பெண்கள் பயிற்சி, வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் பல மாநிலங்களில் மகளிர் பால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. திருப்பதியில் 2014இல் தொடங்கப்பட்ட ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரர் எல்லோரும் பெண்கள். பால் காசு அவர்களுடைய வங்கிக் கணக்குக்கே போகிறது. அது இயற்கைப் பால் நிறுவனம் அல்ல. ஆனாலும் ஏட்டில் பேரை மாற்றினால் பால் திரிந்துவிடாது என்பதை அது காட்டியிருக்கிறது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் தரிசு நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துச் சிறுதானியம் விளைவித்தார்கள். இயற்கை விளைச்சலுக்கு ஒருவருக்கொருவர் சான்று சொல்லும் முறையையும் கைக்கொண்டார்கள். இங்கே மலைமேல் மூணாறில், 2015 செப்டம்பரில், தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் பொம்பிளை ஒருமை என்ற பேரில் தெருவுக்கு வந்து, தங்கள் சார்பில் பேசிவந்த ஆண் தலைவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தாங்களே பேசினார்கள்.

விதிகளிலும் சில சந்துகள் திறந்திருக்கின்றன. பங்கேற்புச் சான்றளிப்பு முறையில் ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருவர் பண்ணையை மற்றவர் பார்த்துச் சான்று சொல்வார்கள். வருடத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்கும் சிறு உற்பத்தியாளர் நுகர்வோருக்கு நேரடியாகக் கொடுக்கும்போது சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஐந்து பெண்கள், ஒரு கூட்டுக் குத்தகைத் தீவன நிலம், பக்கத்து ஊரில் முப்பது வீடு என்று தொடங்க இது போதும். ஆனால் தொடங்குமுன் எழுதிக்கொள்ள வேண்டியவை சில. குத்தகைத் தாளில் அவர்கள் பேர். பால் கணக்கில் அவர்கள் பேர். மாட்டுக் காப்பீட்டில் அவர்கள் பேர். எருவை விற்றால் அந்தக் காசு யாருக்கு என்ற முடிவு. வாரத்தில் ஒரு வேளையாவது வீட்டு ஆண் கறப்பது, அது எந்த வேளை என்பது உட்பட. பால் குறையும் மாறுகாலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பது.

என் மாணவிகளில் பலர் கறந்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். கள ஆய்வு என்றால் தூரத்தில் எங்கோ போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவர்களிடமும் இதை வாசிக்கும் உங்களிடமும் ஒரு வேலையைக் கேட்கிறேன். வீட்டிலுள்ள பால் அட்டையையும் பட்டாவையும் மாட்டுக்கடன் பாஸ்புத்தகத்தையும் எடுத்து, மூன்றிலும் யார் பேர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே நேற்று அந்த மாட்டுக்கு யார் என்னென்ன செய்தார்கள் என்பதை மணிவாரியாக எழுதுங்கள். பிறகு அந்தத் தாளை அம்மாவிடம் வாசித்துக்காட்டுங்கள்.